குடம் காலி என்று எழுதப்போன கதை

தஞ்சோங் கிளிங், மலாக்கா
21.6.1998

சௌபாக்கியவதி தங்கை சுசீலாவுக்கு,

அண்ணன் பிச்சைமுத்து எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அண்ணி நிர்மலாதேவி, என் முதுகுவலி மூவரும் சேர்ந்தே நலம். அங்கே மெல்பர்னில் நீ, மச்சான், கல்யாணப்பெண் திவ்யதர்ஷினி, வரப்போகும் மாப்பிள்ளை, நீ போனில் சொன்ன அவருடைய நாய் உட்பட அனைவரும் நலமாயிருக்க அந்த முருகன் அருள் புரியட்டும்.

நீ கேட்டதற்குப் பதில்: தாய்மாமன் சீர் கிளம்பிவிட்டது. ரிங்கிட் மதிப்பு இப்போது கிடக்கிற கிடையில் நான் கல்யாணத்துக்கு வருவதென்றால் நீந்தித்தான் வர வேண்டும். ஆள் வராவிட்டாலும் சீர் வராமல் பெண் மணையில் உட்காரக் கூடாது என்று உன் அண்ணி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சீர் செய்யாத தாய்மாமன் ஒருவர் நம் சொந்தத்தில் ஏற்கனவே இருக்கிறார். அவருக்கு இன்றுவரை எந்தப் பந்தியிலும் இரண்டாவது அப்பளம் விழுந்ததில்லை. அந்த வரிசையில் நான் சேரக் கூடாது, அவ்வளவுதான் என் லட்சியம். செங் வட்டாரத்து நாற்காலித் தொழிற்சாலையில் ஏற்றுமதிப் படிவம், அதுதான் பாரம், டைப் அடிக்கிறவன் நான். ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் நாற்காலி அனுப்பியவனுக்கு ஒரு பித்தளைக் குடமும் ஒரு பட்டுப்புடவையும் பெரிதா என்று காலை ஆட்டிக்கொண்டு பேசினேன். வாய்க்கொழுப்புதான். நாற்காலிக்கு அத்தை கிடையாது, குடத்துக்கு உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை.

கப்பலில் சரக்கு ஏற்றிவிடும் ஏஜெண்டு கணேஸ்வரன் முதலிலேயே சொல்லியிருந்தான், ஆஸ்திரேலியாவுக்குள் அரிசி, விதை, இலை, பூ எதுவும் போகக் கூடாது, பாத்திரம் காலி என்று பாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று. நானும் வீட்டு டைப்ரைட்டரில் "பித்தளைக் குடம் ஒன்று, கழுவித் துடைத்தது, காலி" என்று ஆங்கிலத்தில் அழகாக அடித்தேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்த உன் அண்ணி, "என்னங்க, சீர்க் குடத்த காலின்னு எழுதுறீங்களே, கை கூசல?" என்றாள். "சுங்கத்துறைக்காரன் கேக்குறான் லா, நானா கேக்குறேன்?" என்றேன். "அவனுக்கு அக்கா தங்கச்சி இல்லையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் குளித்துவிட்டு வந்து குடத்தைத் தூக்கினால் கலகலவென்று சத்தம். உள்ளே ஒரு பிடி அரிசி, ஒரு மஞ்சள் கிழங்கு. கொட்டிவிட்டு, மறுபடி கழுவி, துடைத்து, பெட்டிக்குள் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து நியாலாஸிலிருந்து அன்னம்மா அத்தை பஸ் பிடித்து வந்து சேர்ந்தது, சீர் பார்க்க. "பெட்டிய ஒரு தடவ தொட்டுக் கும்பிட்டுக்கிறேன் முத்து" என்றது. கும்பிடுகிறதுதானே என்று நான் காப்பி கலக்கப் போனேன். வேனோடு வந்த கணேஸ்வரன் கடைசியாக ஒரு பார்வை பார்க்கப் பெட்டியைத் திறந்தான். குடத்துக்குள்ளிருந்து கைக்குட்டை முடிச்சு ஒன்றை எடுத்தான். வெற்றிலை, கொட்டைப் பாக்கு, கூடவே ஒரு மல்லிகைச் சரம்.

"என்னாண்ணே இது, காலின்னீங்க?"

"காலியாத்தான் இருந்துச்சு."

"இத அங்க பாத்தான்னா பெட்டிய புடிச்சு வச்சுக்குவான் லா. வர்ற வியாழக்கெழம கப்பல விட்டாலும் அதே கததான். அப்புறம் குடம் கல்யாணத்துக்கு வராது, வளைகாப்புக்குத்தான் வரும்."

"வெறுங் குடம் போறதுக்கு அது போகாமலே இருக்கலாம் தம்பி" என்றது அத்தை. "ஆமா, அப்படிச் சொல்லுங்க" என்றாள் உன் அண்ணி. ஒரு பக்கம் ஆஸ்திரேலிய அரசாங்கம், ஒரு பக்கம் இந்த இரண்டு பேர். நடுவில் காப்பித் தம்ளரோடு நான். எனக்கு அந்த இரண்டாவது அப்பளம் கண் முன்னால் வந்து போனது.

கடைசியில் உன் அண்ணிதான், ஆத்திரத்தில், தனியாகக் கட்டி வைத்திருந்த புடவையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "அப்ப இதயாச்சும் உள்ள வைங்க. பட்டு மொளைக்காதுல்ல?" கணேஸ்வரன் தலையைச் சொறிந்தான். "துணிக்குத் தடையில்லக்கா. பாரத்துல எழுதிட்டாப் போதும்." புடவையை நானே மடித்துக் குடத்துக்குள் வைத்தேன். வாய்வரை நிறைந்தது. "குடம் ஒன்று, உள்ளே பட்டுப்புடவை ஒன்று, தாவரப் பொருள் எதுவும் இல்லை" என்று புதிதாக அடித்து, எப்போதும் போடுகிறதைவிட ஒரு சுழி கூடுதலாகச் சுழித்துக் கையெழுத்துப் போட்டேன். காலி என்ற வார்த்தையே இல்லாத பாரத்தைப் பார்த்து அத்தைக்கும் முகம் மலர்ந்தது. இந்தப் பெண்களிடம் மட்டும் ஒரு சட்டத்தை மதிக்கிற பழக்கம் இருந்திருந்தால் நான் இரண்டு முறை டைப் அடித்திருக்க வேண்டாம்.

எப்படியோ, கல்யாணத்துக்கு நன்றாக முன்னாலேயே வந்துவிடும். திவ்யாவை அந்தப் புடவை கட்டிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல். குழந்தை குடம் நிறைந்த மாதிரியே வாழட்டும். மச்சானுக்கு என் வணக்கம், நாய்க்கும் விசாரிப்பு.

அன்பு அண்ணன்,
பிச்சைமுத்து

பி.கு.: மேலே பெண்களைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. இப்போதுதான் கணேஸ்வரன் போன் செய்தான். "அண்ணே, பெட்டி கப்பலேறிருச்சு. ஆனா பாரத்துல உங்க கையெழுத்துப் பக்கத்துல மஞ்சளா ஒரு கட்டவெரல் ரேகை இருக்கே, யாரோடது?" என்னுடையதுதான். புதுப் புடவையாயிற்றே, பெண் கல்யாணமாயிற்றே என்று மடிக்கும்போது சாமி மாடத்துக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து முந்தானை ஓரத்தில் மஞ்சள் வைத்துவிட்டேன் போலிருக்கிறது; கை தானாகச் செய்திருக்கிறது. ஒரு பொட்டு மஞ்சளுக்கெல்லாம் ஒன்றும் ஆகாது என்று அவன் சிரிக்கிறான், நானும் நம்புகிறேன். அங்கே பெட்டியைத் திறந்து, புடவையிலும் மஞ்சள், பாரத்திலும் மஞ்சள், இது என்ன என்று அதிகாரி கேட்டால் நீ தயங்காதே. எங்கள் அண்ணன் கையெழுத்து, இரண்டு இடத்தில் போட்டிருக்கிறார் என்று சொல்லிவிடு.