திறந்ததை மூடுக

"ஃபிளாப்பி டிரைவ் செத்துப்போச்சு" என்று அறிவித்தார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையை எழுப்பி நிறுத்தும் குரல் அது.

மகன் பள்ளியில் படித்த காலத்தில் வாங்கிய கணினி. அதற்குள்தான் அவர் எழுதிய 'இல்லத்தில் ஒழுங்கு' என்னும் நூல் முழுவதும் இருந்தது. அதை வெளியே எடுத்துச் செல்ல இருந்த ஒரே வாசல் அந்த டிரைவ். பிரிண்டர் என்றோ பழைய இரும்போடு போய்விட்டது. வெள்ளிக்கிழமைக்குள் நூல் வந்து சேராவிட்டால் அடுத்த ஆண்டுதான் அச்சேறும் என்று அச்சகத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

"திரையில தெரியுதுல்ல அண்ணி?" என்றாள் நாத்தனார், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியறது வேற, எடுக்கறது வேற. அந்தப் போனைத் தவிர உனக்கு என்ன தெரியும்?"

"பேசாம கடையில குடுத்துடலாமே" என்றார் கணவர்.

"கடைக்காரர் கழட்டின திருகாணியை எண்ணி மாட்டுவாரா? பென் டிரைவ் செருகறதுக்கு யூ.எஸ்.பி கார்டுன்னு ஒண்ணு இருக்காம். வாங்கிட்டு வாங்க, நானே மாட்டிக்கறேன்."

திருகாணியை எண்ணத் தெரிந்தவர் இவ்வுலகில் தாம் ஒருவரே என்பது தலைமையாசிரியையின் அசைக்க முடியாத கொள்கை.

கணவர் கடைக்குப் போனார். தலைமையாசிரியை குளித்துவிட்டு வந்தபோது, நாத்தனார் கணினியின் முன்னே உட்கார்ந்திருந்தாள்.

"அங்க என்ன பண்றே?"

"தூசி தட்டறேன் அண்ணி. திறக்கப் போறீங்கல்ல?"

வாழ்நாளில் முதன்முறையாக அவளைப் பாராட்டலாமா என்று தலைமையாசிரியைக்குத் தோன்றியது. அடக்கிக்கொண்டார்.

கார்டு கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் கணினிக்கு அது இன்னதென்று விளங்கவில்லை. அறிமுகப்படுத்த ஒரு மென்பொருள் வேண்டும் என்றது.

"அதெல்லாம் இன்டர்நெட்ல கிடைக்கும். நெட்வொர்க் கார்டு ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார் கணவர், செருப்பை மாட்டிக்கொண்டே. ஒரு சோப்பு வாங்கி வர மூன்று முறை சொல்ல வேண்டிய மனிதர் அவர்.

நெட்வொர்க் கார்டுக்கு இடமில்லை. ஒலிக்கான பழைய கார்டைப் பிடுங்கி அங்கே இதைச் செருகினார் தலைமையாசிரியை. கணினி ஊமையாயிற்று. அத்தோடு மவுசும் அசைய மறுத்தது.

கணவர் கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தார். "ரெண்டு கார்டுக்கும் கரண்டு பத்தலையாம். பவர் சப்ளையை மாத்தணுமாம். இந்தப் பழசுக்குப் பொருந்தற மாதிரி ஒண்ணு தேடித் தர்றேங்கறார். போயிட்டு வந்துடறேனே?"

சீட்டியடித்துக்கொண்டே படியிறங்கினார்.

நூலின் ஏழாம் அத்தியாயம், 'ஒன்றைத் திறந்தால் அதை மூடாமல் மற்றொன்றைத் திறவற்க' என்று விதிக்கிறது. அதை எழுதியவருடைய கணினியின் மூடி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. குடும்பம் அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டது. கணவரின் ஈரத் துண்டு நாற்காலியில் கிடந்தது. நாத்தனாரின் காலிக் கோப்பைகள் சன்னலோரம் வரிசை கட்டின. யாரும் யாரையும் ஏனென்று கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் மேசைக்கடியில் டார்ச் விளக்கை வாயில் கவ்வியபடி மண்டியிட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பவர் சப்ளை வந்தது. அதிலிருந்து இரண்டு இணைப்புகள் தொங்கின. கணினிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையில் அவற்றைப் பக்கம் பக்கமாகச் செருக வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு பாதி கறுப்புக் கம்பிகள், மறு பாதி வண்ணக் கம்பிகள்.

"கறுப்பும் கறுப்பும் நடுவுல சேர்ந்து வரணும்னு கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னார்" என்றார் கணவர்.

"நடுவுலயா? பார்க்கவே அலங்கோலமா இருக்கே. ரெண்டு ஓரமும் கறுப்பு, நடுவுல வண்ணம். சேலைக்குக் கரை போட்ட மாதிரி எவ்வளவு ஒழுங்கா இருக்கு, பாருங்க!"

"அதுக்கில்லம்மா, அவர்..."

"அவருக்கு ஒழுங்கு தெரிஞ்சிருந்தா கடையை அப்படியா வெச்சிருப்பார்?"

கரை போட்டார். சுவிட்சைத் தட்டினார்.

'டப்' என்றது. பலகையிலிருந்து ஒரு நூல் புகை நேர்க்கோட்டில், மிக ஒழுங்காக, மேலெழுந்தது. திரை இருண்டது. கருகல் நாற்றம் கூடத்தை நிறைத்தது.

திருகாணிகள் மட்டும் கிண்ணத்தில் எண்ணிக்கை குறையாமல் இருந்தன.

தலைமையாசிரியை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கன்னத்தில் மசி, தலையில் ஒட்டடை. "ஊருக்கெல்லாம் ஒழுங்கு சொல்ல வந்தேன்" என்றார் மெல்ல. "என் புத்தகத்துக்கு நானே கொள்ளி வெச்சுட்டேன்."

கணவரும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணி, அது வந்து..."

"நீ ஒண்ணும் ஆறுதல் சொல்ல வேண்டாம். தப்பு பண்ணினா ஒத்துக்கணும். அது எட்டாம் அத்தியாயம்."

எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அச்சகத்துக்குப் போன் போட்டார். கணவர் அவசரமாகச் செருப்பைத் தேடினார். நாத்தனாருக்குச் சமையலறையில் ஏதோ ஞாபகம் வந்தது.

"வணக்கம். 'இல்லத்தில் ஒழுங்கு' எழுதினவ பேசறேன். மன்னிக்கணும், இனிமே என்னால அந்தப் புத்தகத்தைக் குடுக்க முடியாது."

"என்னம்மா சொல்றீங்க?" என்றாள் அச்சகத்தில் தட்டச்சு செய்யும் பெண். "அதான் முதல் நாளே உங்க நாத்தனார் திரையைப் பக்கம் பக்கமா போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்களே, நானும் அடிச்சு முடிச்சுட்டேன், 'அண்ணி கம்ப்யூட்டரைத் திருத்தற வரைக்கும் எங்களைத் திருத்த மாட்டாங்க, அதனால வெள்ளிக்கிழமை வரைக்கும் மூச்சு விடாதீங்க'ன்னு அவங்க கேட்டுக்கிட்டதாலதான் நான் உங்களுக்குச் சொல்லலை!"