ஒரு படத்துக்குப் பதினொரு விநாடி

“பதினொரு விநாடி!” என்றான் ரங்கராஜன், கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒரு படத்துக்குப் பதினொரு விநாடி. இது கேமராவா, கட்டை வண்டியா?”

புகைப்படக்காரன் குகநேசன் கோபித்துக்கொள்ளவில்லை. “அது அப்பிடித்தான் அண்ணை. கமராவில எடுத்த படம் வயருக்குள்ளால கொம்பியூட்டருக்கு வந்து, பிறகு திரையில விழவேணும். அவ்வளவு தூரம் வாற படத்துக்குக் களைக்காதோ?”

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகர மண்டபத்தில் அழகரத்தினத்தின் மகள் சுபாஜினிக்குத் தாலி கட்டி முடிந்திருந்தது. இனி வழக்கம்போல ஒவ்வொரு குடும்பமாக மணவறைக்கு ஏறி, மணமக்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, இறங்கிச் சாப்பிடப் போக வேண்டும். மொத்தம் அறுபத்தைந்து குடும்பங்கள். முக்காலியில் நின்ற கேமராவை ஒரு மடிக்கணினி இயக்கியது. பொத்தானை அழுத்தினால் படம் எடுக்கும். அந்தப் படம் கணினிக்கு வந்து சேரும்வரை அடுத்ததை எடுக்காது.

ரங்கராஜன் மென்பொருள் எஞ்சினியர். மெதுவாக ஓடுகிற எதைக் கண்டாலும் அவனுக்குக் கை அரிக்கும். லிஃப்ட் பொத்தானை நான்கு தடவை அழுத்துகிற ரகம்.

“சும்மா உட்காருங்க” என்று மனைவி மரகதம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வந்து அஞ்சு மாசத்துல இப்பத்தான் ஒரு வீட்டுல நம்மளைக் கூப்பிட்டிருக்காங்க. கமலேஸ்வரி அக்காவை விட்டா இந்த ஊர்ல வாய் திறந்து பேச எனக்கு ஆளில்லை. நல்ல பேர் வாங்காட்டியும் போகுது, கெட்ட பேர் வாங்கிடாதீங்க.”

அவள் சொன்னதில் மிகை இல்லை. சேலத்திலிருந்து வந்த நாள் முதல் அவள் அதிகம் பேசியது குளிர்சாதனப் பெட்டியோடுதான். மரக்கறிக் கடையில் கடைசிக் கறிவேப்பிலைக் கட்டுக்கு இரண்டு கைகள் ஒரே நேரத்தில் நீண்டபோதுதான் கமலேஸ்வரி கிடைத்தார். கறிவேப்பிலையில் பாதியையும் கொடுத்து, மகளின் கலியாணப் பத்திரிகையையும் கொடுத்தார். அந்தச் சிநேகிதம் இன்று கெட்டுப்போனால் மரகதம் மறுபடி குளிர்சாதனப் பெட்டியிடம்தான் போக வேண்டும்.

“கெடுக்கிறதா? உதவி பண்ணப் போறேன்டி.”

“அவங்க பேசுறது முதல்ல உங்களுக்குப் புரியுமா?”

“தமிழ்தானே! பத்து வார்த்தை வித்தியாசம், அவ்வளவுதான். ஓம்னா ஆமா. கெதியான்னா வேகமா. கதைக்கிறதுன்னா பேசுறது. எல்லாம் அத்துப்படி.”

டேனிஷில்தான் அவனுக்கு இரண்டே வார்த்தை. ‘லாங்சொம்ட்’ என்றால் மெதுவாக. ‘தக்’ என்றால் நன்றி. யாராவது டேனிஷில் பேச ஆரம்பித்தால் முதலாவதைச் சொல்லுவான். அவர்கள் பேசி முடித்ததும் இரண்டாவதைச் சொல்லுவான். ஐந்து மாதம் இதிலேயே ஓடிவிட்டது.

குகநேசனுக்கும் மேடையில் சனத்தை ஒழுங்காக நிறுத்த ஓர் ஆள் வேண்டியிருந்தது. “அப்ப நீங்கள் கொம்பியூட்டரைப் பாருங்கோ அண்ணை” என்று நாற்காலியைக் கொடுத்துவிட்டு மேலே ஏறினான்.

ரங்கராஜன் உட்கார்ந்தானோ இல்லையோ, பெண்ணின் தகப்பன் அழகரத்தினம் பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு விரைந்து வந்தார். வெளியே தை மாதப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் நெற்றியிலோ வியர்வை. மாப்பிள்ளை பகுதி ஆட்கள் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, சனத்தை ஆறுதலா எடுத்து அனுப்புங்கோ. விளங்குதோ? ஆறுதலா.”

 இலங்கையில் போர் முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த மண்டபத்தில் யாரையும் இழக்காத குடும்பம் ஒன்றாவது இருக்குமா என்று வரும்போதுதான் ரங்கராஜன் மரகதத்திடம் கேட்டிருந்தான். மகள் கலியாணத்தின் நடுவிலும் வந்தவர்களுக்கு ஆறுதலாக இருக்கச் சொல்கிறாரே, என்ன மனுஷன்!

“கவலையே வேண்டாம் சார். என் பொறுப்பு” என்று அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

நொந்த சனத்துக்கு ஒரு எஞ்சினியர் என்ன ஆறுதல் கொடுக்க முடியும்? கால்கடுக்க வரிசையில் நிற்க வைக்காமல் இருக்கலாம். ரங்கராஜன் கணினிக்குள் புகுந்தான். கேமரா ஒவ்வொரு படத்தையும் பெரிதாக ஒன்று, சிறிதாக ஒன்று என்று இரண்டாக அனுப்பிக்கொண்டிருந்தது. பெரிதை நிறுத்தினான்.

“நாலு விநாடி!” என்று மேடையைப் பார்த்துக் கத்தினான்.

வரிசை மளமளவென்று நகர்ந்தது. இறங்கி வந்தவர்களுக்கு வாய்வார்த்தையாகவும் கொஞ்சம் ஆறுதல் சொன்னான். முதலில் அகப்பட்டவர் சிறீஸ்கந்தராசா, நல்ல ஆகிருதி, சிரித்த முகம்.

“கவலைப்படாதீங்க சார், எல்லாம் சரியாயிடும்.”

சிறீஸ்கந்தராசாவின் சிரிப்பு நின்றது. “எனக்கென்ன தம்பி கவலை? ஏன், ஏதும் கேள்விப்பட்டனீரோ?”

“இல்ல சார், பொதுவாச் சொன்னேன். மனசைத் தளர விடாதீங்க.”

அவர் மனம் தளர்ந்துதான் போனது. மனைவியை அழைத்து வீட்டுக் கதவைப் பூட்டினாளா என்று கேட்டபடி சாப்பாட்டு மேசைப் பக்கம் போனார்.

பதினைந்து குடும்பங்கள் முடிந்திருக்கும். அழகரத்தினம் மறுபடி வந்தார். இந்தத் தடவை முகம் சிவந்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் கீழ்நோக்கி அமர்த்தி அமர்த்திக் காட்டினார்.

“தம்பி, நான் சொன்னனான் எல்லோ! ஆறுதலா… ஆறுதலா!”

பாவம், இவருக்கே ஆறுதல் தேவைப்படுகிறது என்று ரங்கராஜனுக்குப் பட்டது. எழுந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான். “பொண்ணைக் கட்டிக் கொடுக்கிற அப்பாவுக்கு இப்படித்தான் சார் இருக்கும். மாப்பிள்ளை ஊர் சில்க்போர்க் என்ன தூரமா? பஸ் ஏறினாப் பார்த்துட்டு வந்துடலாம்.”

அழகரத்தினம் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் போய், கார்கள் நிறுத்துமிடத்தை எட்டிப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் கமலேஸ்வரியே தோடம்பழச் சாற்றோடு வந்தார். “களைச்சுப்போனீர் தம்பி. இதைக் குடிச்சிட்டு, இருந்து, ஆறுதலாச் செய்யும்.”

புருஷனைப் போலவே பெண்சாதிக்கும் தங்க மனது. ரங்கராஜன் நேரத்தை வீணாக்காமல் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். கமலேஸ்வரி வெறும் டம்ளரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

இத்தனையையும் சமையலறை வாசலில் நின்று ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தின் பொறுப்பாளர் மாக்கிரட். பதினைந்து வருடமாகத் தமிழ்க் கலியாணங்களுக்குக் கதவு திறந்துவிடுகிற டேனிஷ்காரி. இடுப்பில் சாவிக்கொத்து, நெற்றியில் யாரோ ஒட்டிவிட்ட பொட்டு. அவள் ரங்கராஜனிடம் வந்து கணினியைக் காட்டி டேனிஷில் மடமடவென்று ஏதோ சொன்னாள்.

ரங்கராஜன் தன் முதலாவது வார்த்தையை எடுத்தான். “லாங்சொம்ட், லாங்சொம்ட்.”

மாக்கிரட் கைகொட்டிச் சிரித்தாள். “யா! யா! லாங்சொம்ட்!” என்று கணினியையே விரலால் சுட்டினாள்.

“தக்” என்றான் ரங்கராஜன். முகத்தில் ஈயாடவில்லை. நாலு விநாடி ஆக்கிய பிறகும் கணினி மெதுவாக ஓடுகிறதாம்! ஒரு டேனிஷ்காரி வந்து சொல்லும்படி ஆகிவிட்டதே.

ரோஷம் வந்துவிட்டது. படம் வந்து சேரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? எல்லாம் கேமராவிலேயே கிடக்கட்டும், அப்புறம் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். பொத்தானைத்தான் ஏன் அழுத்த வேண்டும்? இரண்டு விநாடிக்கு ஒரு படம் தானாகவே எடுக்கும்படி பத்து வரி எழுதி ஓடவிட்டான்.

அதன் பிறகு மணவறை பஸ் நிலையம்போல ஆனது. ஒரு குடும்பம் இந்தப் பக்கம் ஏற, மற்றது அந்தப் பக்கம் இறங்க, குகநேசன் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நின்றான். “ஏறுங்கோ, நில்லுங்கோ, சரி, இறங்குங்கோ! மாமி, சாறியைப் பிறகு பாக்கலாம், இறங்குங்கோ!” மாப்பிள்ளை ஒரு சிரிப்பை முடிக்குமுன் நாலு குடும்பம் போய்விட்டது.

மிச்சமிருந்த அத்தனை குடும்பமும் பத்தே நிமிடத்தில் முடிந்தது. ரங்கராஜன் நாற்காலியில் சாய்ந்து கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதி அவனுக்கு எப்போதாவதுதான் வரும்.

இருநூற்று நாற்பது பேரும் சாப்பாட்டு மேசைகளில் உட்கார்ந்தார்கள். மேசையில் தட்டு இருந்தது, தண்ணீர் இருந்தது. வேறொன்றும் இல்லை.

ஐந்து நிமிடம் போனது. மாப்பிள்ளையின் பெரியப்பா தண்ணீரைக் குடித்துவிட்டு, காலி டம்ளரைச் சத்தம் வர மேசையில் வைத்தார். “என்ன, சாப்பாடு டென்மார்க்கில இல்லையோ?”

மரகதம் விஷயத்தைக் கறந்துகொண்டு வந்தாள். “சாப்பாட்டு வேன் ரண்டர்ஸ்லேர்ந்து வருதாம். வழியில வீபோர்க்கிட்ட பனியில மாட்டிக்கிச்சாம். இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகுமாம். கமலேஸ்வரி அக்கா ஸ்டோர் ரூம்ல உட்கார்ந்து அழறாங்க. என் முகத்தைப் பார்க்கவே மாட்டேங்கிறாங்க. நீங்க அவங்களை என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

“ஆறுதலாத்தான்டி நடந்துக்கிட்டேன்!”

சொன்ன மாத்திரத்தில் அவனுக்கு எல்லாம் விளங்கியது. அட, இதற்காகத்தான் மனுஷன் முன்கூட்டியே ஆறுதல், ஆறுதல் என்று அடித்துக்கொண்டாரா! பசித்த சனத்துக்கு இப்போதுதான் அது நிஜமாகத் தேவை. படங்களைப் பெரிய திரையில் ஓடவிட்டால் பசி தெரியாது. கேமராவிலிருந்த அத்தனையையும் இறக்கித் திரையில் போட்டான்.

முதல் படத்தில் சிறீஸ்கந்தராசா கண்ணை மூடியிருந்தார். இரண்டாவதில் மணப்பெண். வேகம் கூடிய பிறகு எடுத்தவற்றில் ஒரு குடும்பத்தின் முதுகு மட்டும் இருந்தது. இன்னொன்றில் இறங்குகிறவரின் மனைவி ஏறுகிறவரின் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு உடம்பு முழுதாக இருந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் குகநேசனின் கை இருந்தது.

 இருநூற்று நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“திருப்பி எடுங்கோ!”

நாற்காலிகள் கிறீச்சிட்டன. பெரியப்பா முதலாளாக மணவறைக்கு ஏறினார். ரங்கராஜன் பதறிப்போய்த் தன் பத்து வரியை மறுபடி ஓடவிட்டான். படம் இறக்குவதா, எடுப்பதா என்று தெரியாமல் கணினி அப்படியே உறைந்தது. அதை அணைத்து, எழுப்பி, பழையபடி வைப்பதற்குள் குகநேசனுக்கு வியர்த்துவிட்டது. “அண்ணை, கோவியாதேங்கோ, இனி நான் பாக்கிறன்.”

பழைய பதினொரு விநாடி திரும்பி வந்தது. இப்போது யாரும் ஒரு படத்தோடு இறங்கவில்லை. திரையில் தம்மைப் பார்த்து, கொண்டையைச் சரிசெய்து, “இன்னொருக்கா” என்றார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் ஐந்து தடவை. ரங்கராஜன் மூலையில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டான். மரகதத்தின் கண்களைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதத்தைத் தன் பத்து வரி தின்றுவிட்டதே என்று நிஜமாகவே வலித்தது.

நாற்பதாவது குடும்பம் மேடையில் நின்றபோது வெளியே வேன் ஹார்ன் அடித்தது. பனியைத் தட்டிக்கொண்டு சட்டிகள் உள்ளே வந்தன. பருப்பும் கத்தரிக்காயும் மணத்தன. கடைசிக் குடும்பம் இறங்கும்போது தட்டு நிறையச் சோறு இருந்தது. சாப்பாடு தாமதம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அழகரத்தினம் ஓடி வந்து ரங்கராஜனைக் கட்டிப்பிடித்தார். கண்கள் கலங்கியிருந்தன. “தம்பி, கடைசியில நான் சொன்னபடியே செய்து என்ர மானத்தைக் காப்பாத்திப்போட்டீர்! வாற ஞாயிறு ரெண்டுபேரும் வீட்டை வரவேணும்.” பின்னாலேயே வந்த கமலேஸ்வரி, மரகதத்தின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

ரங்கராஜனின் நெஞ்சு மறுபடி நிமிர்ந்தது. “பார்த்தியா? ஆறுதல் சொல்றதுல நம்மளை அடிச்சுக்க ஆளில்லை” என்று மரகதத்தின் காதில் சொன்னான். போன பசி திரும்பி வர, கொதிக்கும் பாயாசத்தை அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டு துள்ளினான்.

பாயாச வாளியோடு நின்ற மாக்கிரட் பதறிப்போய்த் தமிழில் சொன்னாள்: “ஆறுதலா, ஆறுதலா!”

வெந்த நாக்கோடு ரங்கராஜன் அவளை நிமிர்ந்து பார்த்தான். “எனக்கு எதுக்கு ஆறுதல்? நான் நல்லாத்தானே இருக்கேன்?” என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

மாக்கிரட் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவனை அதிசயமாகப் பார்த்தாள். “உங்கள் மொழிதானே, உங்களுக்கே தெரியாதா? ஆறுதலா என்றால் லாங்சொம்ட்!”