கறையில்லா நெஞ்சும் இருபத்துநாலு ஜன்னலும்

"ஜன்னலாய்யா இது? சோடாப் புட்டி அடியாட்டம் இருக்கு!"

பஞ்சாயத்து யூனியன் சேர்மன் உடையப்பன் இப்படிச் சொன்னபோது, டிராயிங் மாஸ்டர் பங்கிராஸ் தாம் அட்டையில் செய்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி இரண்டு முழ நீளம். நிஜ ஆஸ்பத்திரிக்கு இன்னும் இடம்கூடப் பார்க்கவில்லை. மாதிரி ஆஸ்பத்திரிக்கு மட்டும் நாள் குறித்தாகிவிட்டது. நாளை மறுநாள் காலை பத்து மணிக்குக் கண்காட்சி, மந்திரி வருகிறார்.

"நெசக் கண்ணாடிங்க. படத்துக்குச் சட்டம் போடுற கடையில வாங்கி, கையை அறுத்துக்கிட்டு வெட்டினேன்."

"நெசக் கண்ணாடி சரி. நெசம் மாதிரி இல்லையே!"

சேர்மன் சொல்வதில் நியாயம் இருந்தது. அபூர்வமாக அப்படி நேர்வதுண்டு. கால் அங்குலம் ஓர் அடி என்பது பங்கிராஸின் கணக்கு. அந்தக் கணக்கில் அவர் பதித்த கண்ணாடி நாலு அங்குலத் தடிமனுக்கு, சிறைச்சாலைச் சுவர் போல நின்றது.

"மந்திரி குனிஞ்சு பாத்தா உள்ள கட்டில் தெரியணும். கண்ணாடி இருக்கணும், ஆனா இருக்கறதே தெரியக் கூடாது."

"நம்ம யூனியன் ரோடு மாதிரிங்களா?" என்று ஜீப்பில் சாய்ந்தபடி டிரைவர் கருப்பன் கேட்டான்.

சேர்மன் காதில் அது விழவில்லை. பிறர் பேச்சு அவர் காதில் விழுவதே இல்லை. அவர் பேச்சு அதற்கு இடைவெளி விட்டால்தானே? ஒரு தடவை குளத்தூரிலிருந்து வந்த மேல் அதிகாரி ஒருவர், "போயிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொள்ள முக்கால் மணி நேரம் காத்திருந்தார்.

"வாத்தியாரே, ஏழு வருசமா டெம்பரவரியா கெடக்கிறீரு. மந்திரி கையாலயே ஒமக்கு பெர்மனென்ட் ஆர்டர் குடுக்க ஏற்பாடு பண்ணிருக்கேன். ஜன்னல் நல்லா இருந்தா ஆர்டரு. இல்லைன்னா இருபத்துநாலு ஜன்னல்ல ஏதாவது ஒண்ணு வழியா நீரே வெளிய போயிரலாம்."

கறுப்பாகப் பெரிய உறை ஒன்றைக் கருப்பன் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள, ஜீப் புறப்பட்டது.

அந்த உறை யூனியன் முழுக்கப் பிரசித்தம். மூன்று வருஷத்துக்கு முன்னால் சேர்மனுக்கு இருமல் வந்தது. திருச்சியில் ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "நெஞ்சில் கறை எதுவும் இல்லை" என்றார் டாக்டர். சேர்மன் அதை ஒரு வாரம் வைத்திய முறையிலும், அதற்கப்புறம் அரசியல் முறையிலும் புரிந்துகொண்டார். அன்றிலிருந்து எந்தக் கூட்டமானாலும் கருப்பன் படத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க, சேர்மன் பிரம்பால் விலா எலும்புகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவார்: "பாருங்க, கறை இல்லாத நெஞ்சு! எதிர்த்து நிக்கிறவன் தன் நெஞ்சைக் காட்டட்டும்!" எதிர்த்து நின்றவரிடம் எக்ஸ்ரே இல்லை. தோற்றுப்போனார். கீரமங்கலம் சந்தையில் ஒரு கிழவி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பங்கிராஸ் கண்ணாடியைப் பெயர்த்துப் போட்டார். பிஸ்கட் பாக்கெட் மேல் சுற்றிவரும் கண்ணாடித் தாளை வெட்டி மைதாப் பசையால் ஒட்டினார். காயும்வரை நன்றாகத்தான் இருந்தது. காய்ந்ததும் இருபத்துநாலு ஜன்னலும் தொண்ணூறு வயசுக் கன்னம்போலச் சுருங்கின. விடிந்து பார்த்தால் மைதாவுக்கு எறும்பு வந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு நோயாளியெல்லாம் வரிசையா வந்துட்டாங்க போல" என்றாள் மனைவி வியாகுலமேரி.

"மனுசன் படுற பாட்டுல ஒனக்குச் சிரிப்பா?"

"அழுதா எறும்பு போயிருமாங்க?"

பங்கிராஸ் யூனியன் மருந்தகத்துக் கம்பவுண்டர் சூசைராஜிடம் ஓடினார்.

"இதுக்குப் போயி இம்புட்டு அலைச்சலா?" என்ற சூசைராஜ், யாரோ எப்போதோ விட்டுப்போன எக்ஸ்ரே படம் ஒன்றை அலமாரியிலிருந்து உருவினார். "வாஷிங் சோடா கலந்த வெதுவெதுப்பான தண்ணியில ஊறப்போட்டுத் துணியால தேய்ங்க. கறுப்பு வழுக்கிட்டு வந்துரும். கீழ இருக்கறது கண்ணாடி மாதிரி சுத்தமான தகடு. காகிதக் கனம்தான், சுருங்காது. ஒண்ணுதான் இருக்கு, பாத்து."

வெதுவெதுப்பே போதுமென்றால் கொதி இன்னும் நல்லது என்று பங்கிராஸ் தீர்மானித்தார். கொதிக்கும் தண்ணீரில் விழுந்த படம் கண்ணெதிரே அப்பளமாகச் சுருண்டது.

"சட்டியில போடும்போதே நெனைச்சேன்" என்றாள் வியாகுலமேரி.

"நெனைச்சதை வாயத் தொறந்து சொல்றது!"

"சொன்னா கேக்குற ஆளா நீங்க?"

உச்சிவேளைக்கு ஜீப் வந்து நின்றது. ஜன்னல் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லிக் கருப்பனைச் சேர்மன் அனுப்பியிருந்தார். ஓட்டை ஓட்டையாக நின்ற ஆஸ்பத்திரியையும், தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த பங்கிராஸையும், சட்டியில் கிடந்த அப்பளத்தையும் அவன் மாறி மாறிப் பார்த்தான். நேரே ஜீப்புக்குப் போய், செய்தித்தாளில் சுருட்டிய ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான்.

"இந்தாங்க சார். இதுவும் அந்தச் சாதிப் படம்தான்."

"யாரோடது?"

"வேண்டாத படம் சார். இதைத் தூக்கித் தூக்கியே எனக்குத் தோள்பட்டை எறங்கிப் போச்சு. ஜன்னலை முடிங்க."

இந்தத் தடவை பங்கிராஸ் தண்ணீரில் விரல் விட்டுப் பார்த்தார். படத்தை ஊறப்போட்டார், தேய்த்தார். கறுப்புக் கரைந்து ஓட, அடியிலிருந்து லேசான நீலம் ஓடிய தெளிந்த தகடு வந்தது. வெட்டிப் பதித்தால், அடடா, ஜன்னல்! வெளிச்சம் பட்டால் மட்டும் மினுக்கியது. உள்ளே ஒவ்வொரு கட்டிலும் தெரிந்தது. இருபத்துமூன்று ஜன்னல் முடிந்து, கடைசித் துண்டைக் கையில் எடுத்தார். அதன் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பு இருந்தது.

"மாதாவே!" என்றாள் வியாகுலமேரி. செய்தித்தாளைப் பிரித்து மடிக்கப் போனவள் கையில், அதன் உள்மடிப்பில் கிடந்த கறுப்பு உறை ஒன்று வந்தது. "என்னங்க, கவர்ல சேர்மன் பேரு போட்டிருக்கே!"

பங்கிராஸுக்குத் தேய்க்கக் கை ஓடவில்லை. கடைசித் துண்டை இருந்தபடியே ஒட்டிவிட்டு யூனியன் ஆபீசுக்கு ஓடினார். கருப்பன் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி! சேர்மன் நெஞ்சையா என் கையில குடுத்த?"

"பதறாதீங்க சார்."

"இருபத்துநாலு துண்டாப் போட்டுட்டேன்டா!"

"நல்லதுதான். அதைக் குடுக்க எனக்குப் பாத்தியதை இருக்கு சார். நீங்க வீட்டுக்குப் போங்க."

வேலைக்காரனுக்கு வந்த திமிரைப் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பங்கிராஸ் திரும்பினார். அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைப் பார்த்தார். இருபத்துநாலு பக்கத்திலிருந்தும் சேர்மன் அவரைப் பார்ப்பதுபோல இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு வரவேண்டிய மந்திரி பன்னிரண்டு மணிக்கு வந்தார். மேடையில் மேஜைமேல் ஆஸ்பத்திரி, பக்கத்தில் மைக். பங்கிராஸின் ஆர்டர் மந்திரியின் கையில் தயாராக இருந்தது. மந்திரி குனிந்து பார்த்தார்.

"அடேயப்பா! கட்டில், தலகாணி எல்லாம் தெரியுதே! கண்ணாடி இருக்கறதே தெரியலை!"

"எல்லாம் நான் சொல்லிச் சொல்லிச் செய்ய வச்சதுங்க" என்றார் சேர்மன்.

"இந்தாங்க மாஸ்டர்" என்று ஆர்டரை நீட்டிய மந்திரி, மறுபடி குனிந்தார். "ஆமா, இந்தக் கடைசி ஜன்னல்ல மட்டும் வளைஞ்ச கம்பி ஒண்ணு எதுக்கு?"

சேர்மன் குனிந்தார். வளைந்த கம்பியை உற்றுப் பார்த்தார். முந்நூறு மேடைகளில் பிரம்பால் தொட்டுக் காட்டிய நாலாவது விலா எலும்பு. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் கண்டதுபோல அடையாளம் தெரிந்தது.

"கருப்பா! என் நெஞ்சை எடுடா!"

கருப்பன் வெறுங்கையோடு மேடையேறினான்.

"ஐயா…" என்றார் பங்கிராஸ். "அது ஜன்னல்ல இருக்குங்க. தெரியாமக் கழுவிட்டேன்."

"என் நெஞ்சைக் கழுவிட்டியா? கறையே இல்லாத நெஞ்சுய்யா அது! அதுல என்னத்தய்யா கழுவுன? ஒனக்கு ஆர்டர் ஒரு கேடா?"

சேர்மன் ஆர்டரைப் பிடுங்கினார். மந்திரி பிடியை விடவில்லை. காகிதத்தின் ஒரு முனை மந்திரி கையில், மறு முனை சேர்மன் கையில். நடுவில் பங்கிராஸின் ஏழு வருஷம். கருப்பன் குறுக்கே புகுந்தான். மைக் அவன் வாய்க்கு நேராக நின்றது. மரத்துக்கு மரம் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

"சாரை விடுங்கய்யா, அது ஒங்க நெஞ்சு இல்லீங்க, என் நெஞ்சு, மூச்சை அடக்கி வாயை மூடுங்கன்னு எத்தனை தடவை சொல்லியும் நீங்க பேச்சை நிப்பாட்டாம ஒங்க படத்துல வெறும் புகைதான் விழுந்துச்சுன்னு, டாக்டரு கடேசியில என்னையப் புடிச்சு நிக்க வச்சுல்ல எடுத்துக் குடுத்தாரு!"