கழுதைக்கு அழுத மருமகள்

நான் வீடியோ கேம் விளையாடுகிறவள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்து இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் போடியில் எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். எப்படித் தெரிந்தது என்பதை நானே சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் சொன்னால் மசாலா கூடிவிடும்.

விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதில் நான் ரொம்பக் கறார். முன்பின் தெரியாத பத்துப் பேரோடு சேர்ந்து சுடுகிற விளையாட்டெல்லாம் எனக்கு ஆகாது. அதை நடுவில் நிறுத்த முடியாது. "கவிதா, அந்த மொறத்தக் கொண்டா" என்று என் மாமியார் குரல் கொடுத்தால், எதிரி துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பானா? ஆகவே ஒற்றை ஆள் விளையாட்டு. நினைத்த நேரத்தில் நிறுத்த வேண்டும், சிக்னல் இல்லாத மலையிலும் ஓட வேண்டும், கதை நன்றாக இருக்க வேண்டும். விளையாடியவர்கள் எழுதியிருப்பதை ஒரு வாரம் படிப்பேன். யாராவது "கடைசியில் அழுதுவிட்டேன்" என்று எழுதியிருந்தால் அன்றைக்கே போனில் இறக்கிவிடுவேன். (என்னமோ வீட்டில் அழக் காரணமே இல்லாதது மாதிரி.)

கல்யாணமான இரண்டாம் வருஷம் அப்படிப் பிடித்ததுதான் அந்தக் கழுதை விளையாட்டு. ஒரு உப்பு வியாபாரி, ஒரு கிழட்டுக் கழுதை, ஒரு பனிமலை. கழுதைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், குளம்பில் குத்திய கல்லை எடுக்க வேண்டும், புயலுக்கு முன்னால் ஒதுங்க இடம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். துணி காயப்போடுகிற நேரம், குக்கர் விசிலுக்கு நிற்கிற நேரம் என்று திருடித் திருடி மூன்று வாரம் அதை நடத்திக்கொண்டு போனேன். கடைசிக் கணவாய் வந்துவிட்டது.

அப்போதுதான் என் வீட்டுக்காரரின் பெரியப்பா இறந்துபோனார்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஏலத்தோட்டத்து வீட்டில் அவரும் பெரியத்தையும் மட்டும் இருந்தார்கள். அன்றைக்குப் பெரியத்தை பல் பிடுங்கக் கீழே போடிக்கு வந்திருந்தார். பெரியப்பா தனியாகச் சரிவில் வாய்க்கால் அடைப்பை எடுக்கப் போயிருக்கிறார். நல்ல மழை. ஏலச்செடிகளுக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரை, மழை விட்ட பிறகுதான் வேலையாட்கள் பார்த்தார்கள். விழுந்த பிறகு எவ்வளவு நேரம் உயிர் இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் ஜீப்பில் ஏறிப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் பெரியப்பா. தலைமாட்டில், பல் பிடுங்கி வீங்கிய கன்னத்தோடு பெரியத்தை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "அழுதிரு மதினி, உள்ளயே வச்சிருந்தா நெஞ்சு தாங்காது" என்று பெண்கள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் அழுகை வரவில்லை. ஆனால் என் காரணம் கேவலமானது. பெரியப்பாவை நாலு தடவைதான் பார்த்திருக்கிறேன். அவர் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம், "காப்பில சீனி கம்மி." அதை எப்படித் திருப்பித் திருப்பி நினைத்தாலும் கண்ணீர் வரவில்லை. மாமியார் முழங்கையால் இடித்தார்.

"சனம் பாக்குது. முந்தானையவாச்சும் மூஞ்சியில வையி."

பெரியப்பாவின் மகள் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவள் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். மலைப்பாதையில் பாறை உருண்டு கிடக்கிறது, இன்னும் ரெண்டு மணி நேரமாகும் என்று கீழேயிருந்து ஆள் வந்து சொன்னார். நான் நைசாக எழுந்து ஏலக்காய் மூட்டை அடுக்கியிருந்த உள்ளறைக்குப் போனேன். கதவை ஒருக்களித்துவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தேன். இயர்போனைக் காதில் மாட்டினேன். சத்தியமாக, பத்து நிமிஷத்தில் நிறுத்திவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

கணவாயின் உச்சியில் கழுதை முழங்காலிட்டது. எழுந்திருக்கவில்லை. வியாபாரி உப்பு மூட்டைகளை அவிழ்த்துத் தூர எறிந்துவிட்டு, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பனியில் உட்கார்ந்தான். கண்ணை மூடும்வரை அதன் கழுத்தைத் தடவிக்கொடுக்க வேண்டியது என் வேலை. என் கட்டைவிரலாலேயே தடவிக்கொடுத்தேன்.

நான் கதறிவிட்டேன். சின்ன விசும்பல் இல்லை. காதில் இயர்போன் இருந்ததால் என் சத்தம் எனக்கே தெரியவில்லை.

கதவு திறந்தது. நாலைந்து பெண்கள் ஓடி வந்தார்கள். "ஆத்தா, நீயாச்சும் அழுதியே!" என்று ஒருவர் கட்டிக்கொண்டார். "நேத்து வந்த புள்ள! எம்புட்டுப் பாசம் பாரேன்!" என்று இன்னொருவர். இயர்போனைக் காதிலிருந்து உருவி, போனோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொள்ளத்தான் நேரம் இருந்தது. என்னைத் தாங்கிக்கொண்டுபோய்ப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். என் அழுகையைப் பார்த்து ஒப்பாரி புதிதாகக் கிளம்பியது. மாமியார் முகத்தில் ஒரு பெருமை. (அந்தப் பெருமையை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.)

யாரோ என்னை இழுத்து மார்பில் சாய்த்ததில் இயர்போன் ஒயர் பிடுங்கிக்கொண்டது. விளையாட்டில் அந்த நேரம் பழைய நினைவு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கழுதை குட்டியாக இருந்த காலம். துள்ளிக்கொண்டு, சந்தோஷமாக, என் இடுப்பிலிருந்து முழுச் சத்தத்தில் கத்தியது.

ஒப்பாரி பட்டென்று நின்றது. ஒரு பாட்டையா எழுந்துபோய் வாசலில் எட்டிப் பார்த்தார்.

"என்னடி அது?" என்றார் மாமியார்.

"கழுதை, அத்தை."

"எங்க?"

"போன்ல. விளையாட்டு. அது... செத்துப்போச்சு. அதான் அழுதேன்."

வாசலில் நின்ற மாமனார் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "கூட்டிட்டுப் போ" என்றார். என் வீட்டுக்காரர் கூரை ஓடுகளை எண்ணுகிறவர்போல அண்ணாந்து நின்றார். நான் எழுந்தேன்.

"வயசான கழுதையா?"

கேட்டது பெரியத்தை. காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு.

"ஆமா பெரியத்தை."

"சாகுறப்ப கூட ஆளு இருந்துச்சா?"

"இருந்தாரு. மடியில தலைய வச்சிருந்தாரு."

பெரியத்தை கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்.

"அதுக்குக் குடுத்து வச்சிருக்கு" என்றார். "நான் பல்லப் புடுங்கப் போயிட்டேன்."

அதற்குப் பிறகு அவர் அழுத அழுகையை என்னால் எழுத முடியாது. என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. மூலையில் போனைத் திருப்பிப் பார்த்தேன். முதலிலிருந்து தொடங்கலாமா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. இன்றுவரை தொடவில்லை.

பதினாறாம் நாளுக்குள் சேதி தேவாரம் ஊர் வரைக்கும் போய்விட்டது. கல்யாண வீடுகளில் என் பெயரே மாறிப்போனது. "கழுதைக்கு அழுதாளே, அந்த மருமகதான?" மாமனார் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பெரியத்தை மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வருஷம் என் மாமியாரின் தம்பி தவறிப்போனார். எனக்கு உண்மையிலேயே பிடித்த மனிதர். போகிற வழியெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனேன். ஆனால் நான் உள்ளே நுழைந்ததும் அங்கிருந்த பெண்கள் அத்தனை பேரும் முதலில் என் கையைப் பார்த்தார்கள், அப்புறம் என் இடுப்பைப் பார்த்தார்கள். வந்த கண்ணீர் அப்படியே வற்றிப்போனது. மரம் மாதிரி நின்றேன்.

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தம்பியின்மேல் விழுந்து, ஊரே கேட்க ராகம் போட்டார். இப்போது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஒப்பாரி அதுதான்:

"எந்தம்பி, நீ கழுதையாப் பொறந்திருந்தா, எம்மருமக ஒனக்கும் ஒரு சொட்டு விட்டிருப்பாளேடா!"