பால்கட்டிக்காக ஓர் ஓலை

கிடங்கு துரைக்கு உண்மையைச் சொல்லி ஓலை அனுப்பிவிடுவது என்று அங்கமுத்து முடிவு செய்தான். முழு உண்மை இல்லை. ஓரம் கத்தரித்த உண்மை.

சங்கதி இதுதான். பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கிடங்கைக் கவனிக்கும் துரைக்குக் காலில் வாதம். காற்று மாறினால் தேவலை என்று சதுரங்கப்பட்டினத்துக்குப் போய்விட்டார். ஒரு மாத ஓய்வு. வீட்டுச் சாவி காவல்காரன் அங்கமுத்துவிடம். கூடவே ஒரு பால்கட்டி. பனங்காய் பருமன், சிவப்புத் தோல். சீமையிலிருந்து கப்பலேறி வந்தது. காலையில் ஒரு புரட்டு, மாலையில் ஒரு புரட்டு, உப்புத் தண்ணீரில் ஒரு துடைப்பு. இவ்வளவுதான் வேலை. இதற்கு மாதச் சம்பளம், சிவப்புத் தலைப்பாகை.

அதுவும் அவனுக்குக் கசந்தது. கோட்டை ஏரிக்கு இக்கரை, குப்பம் அக்கரை. ஒரு கட்டியைப் புரட்டத் தினம் இரண்டு தடவை தோணி தள்ளுவதா? சாக்கில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து பரணில் வைத்தான்.

"இன்னாய்யா அது? நாத்தம் கொடலப் புடுங்குது" என்றாள் பெண்டாட்டி குப்பம்மா.

"துரை சமாச்சாரம். கேக்காதே."

அவள் கேட்கவில்லை. நாலாம் நாள் அரிவாள்மணையில் அறுத்து, நண்டுக் கூடைகளில் இரையாக வைத்துவிட்டாள். நாறுகிற எதையும் குப்பத்தில் வீணாக எறிய மாட்டார்கள். அது நண்டுக்கு.

ஏரியில் இருந்த நண்டெல்லாம் அவள் கூடைக்கு வந்து சேர்ந்தது.

சாயங்காலம் அங்கமுத்து பரணில் ஏறிப் பார்த்தான். காலி. இறங்கினான். உட்கார்ந்தான்.

"என் வேலை போச்சு."

"போவட்டுமே. ஏரிக்கு வா. ரெண்டு பாடு வுட்டாச்சு."

பாடு என்றால் முறை. இன்ன நாளில் இன்ன வீட்டார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று குப்பத்தில் சீட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். ஆண்பிள்ளை இறங்காமல் மூன்று முறை விட்டால் இடம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அங்கமுத்து தலைப்பாகை கட்டிய நாளிலிருந்து தண்ணீரில் கால் வைக்கவில்லை. சேறு ஒட்டுமாம்.

"வலையா? நானா? துரை ஆளு நான்!"

"துரை வந்து பாக்கட்டும், யாரு ஆளுன்னு தெரியும்."

"அதுக்குத்தாமே முன்னாடியே ஓலை அனுப்பப் போறேன். சேதி முன்னால போனா, கோவம் அங்கயே ஆறிப்பூடும். வர்றப்ப சிரிச்சிக்கினே வருவாரு."

"காலு வலில படுத்துக் கெடக்கறவருக்கு ஓலை போட்டா ஆத்திக்குவாரா? வேற வேலை இல்லாம அதையே நெனச்சி வளப்பாரு. வந்தப்புறம் சொல்லு. கை கட்டி நில்லு. ரெண்டு திட்டு வாங்கு."

"உனுக்குக் கோட்டைச் சமாச்சாரம் தெரியாது."

"உனுக்குப் பால்கட்டியே புரட்டத் தெரியல."

மூன்று நாள் இதே பேச்சு. அனுப்பலாம் என்பான். வேண்டாம் என்பான். சோறு உண்ணும்போது அனுப்பலாம், கை கழுவும்போது வேண்டாம். கடைசியில் தோணி தள்ளிக்கொண்டு துபாஷி சின்னப்பனிடம் போனான். துரைக்குத் தமிழை மொழி மாற்றிச் சொல்வது, எழுதுவது எல்லாம் அவர்தான்.

"எலி தூக்கிக்கினு போச்சுன்னு எழுது சாமி."

"பனங்காய் அளவு கட்டியையா? எத்தனை எலி?"

"ஒரு நாப்பது."

சின்னப்பன் எழுத்தாணியைக் கீழே வைத்தார்.

"சரி, திருடன்னு எழுது."

"காவல் யாரு?"

"நான்தான்."

"அப்புறம்?"

கடைசியில் இப்படி முடிந்தது: பால்கட்டிக்குத் திடீரென்று புழு கண்டது, துரை உடம்புக்கு ஆகாதே என்று அஞ்சி, அங்கமுத்து கண்ணீரோடு அதை மண்ணில் புதைத்தான், அந்தத் துக்கத்தில் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணீர் சேர்த்தது அங்கமுத்து யோசனை.

வீட்டில் படித்துக் காட்ட ஆளில்லை; வாயால் சொன்னான். குப்பம்மா சண்டை போடவில்லை. அதுவே அவனுக்கு ஆச்சரியம்.

"வெறுங்கையா ஓலை அனுப்புவாங்களா? சதுரங்கப்பட்டினத்துக்குத் தங்கவேல் தோணி உப்பு ஏத்திக்கினு நாளைக்குப் போவுது. ஒரு கூடை நண்டு வெக்கிறேன். ஈரச் சாக்கு போத்தினா உசுரோட போய்ச் சேரும். ஓலையக் குடு, நானே சேத்துடறேன்."

"இப்பத்தாமே நீ புருசன் சொல் கேக்கற பொம்பள" என்று ஓலையைக் கொடுத்துவிட்டுப் படுத்தான். பத்து நாள் நிம்மதியாகத் தூங்கினான்.

பதினோராம் நாள் பதில் வந்தது. சின்னப்பனே அக்கரைக்கு எடுத்து வந்தார். அங்கமுத்து தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நின்றான். சின்னப்பன் படித்தார்.

"குப்பம்மாள் சொல்லி அனுப்பிய செய்தி கிடைத்தது. பால்கட்டியை நண்டு தின்றது. நண்டை நான் தின்றேன். ஆகவே நட்டம் இல்லை. இப்படிப்பட்ட நண்டை இந்தக் கரையில் நான் கண்டதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லும் ஆளையும் கண்டதில்லை. வீட்டுச் சாவி இனி அவளிடம் இருக்கட்டும். வாரம் ஒரு கூடை நண்டு வேண்டும். பிடிக்க அங்கமுத்து ஏரிக்குப் போக வேண்டும். அவனுக்கு இனி மேலாள் குப்பம்மாள்."

அங்கமுத்து குப்பம்மா பக்கம் திரும்பினான்.

"என் ஓலை இன்னாமே ஆச்சு?"

"அதுல முழுக்கப் பொய்யி. அடுப்புல வெச்சேன். நல்லா எரிஞ்சுது. தோணி கெளம்பறதுக்குள்ள சின்னப்பனாண்ட ஓடி வேற எழுதி வாங்கினேன்."

"சாமி, நீயுமா?"

சின்னப்பன் வானத்தைப் பார்த்தார். "எனக்கும் நாலு நண்டு கொடுத்தாங்க."

மறுநாளே மூன்றாவது பாடு. அங்கமுத்து இறங்கினான். இடுப்பளவு தண்ணீர், முழங்கால் அளவு சேறு. வலை கட்டும் இடம் கைவிட்டுப் போகாமல் தப்பியது. அதற்கு மறுநாள் விடியலில் பாயைவிட்டு எழவில்லை. முனகினான்.

"இடுப்பு புட்டுக்குது. இன்னிக்கு ஏரிக்கு வரல."

குப்பம்மா கோட்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சாவிக்கொத்தை இடுப்பில் செருகினாள். நின்று ஒரு பார்வை பார்த்தாள்.

"ஓய்வு வோணும்னா மேலாளுக்கு நேத்தே ஓலை அனுப்பியிருக்கணும்யா. எழுந்திரு."