பூஜ்யம் என் வாசலில்

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதுவது. வலது முழங்காலைத் தவிர மற்றபடி நான் நலம். தாங்கள் மூன்று ஆண்டுகளாக எதையும் தெரிவிக்காததால் தாங்களும் நலமாகவே இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். இக்கடிதம் எங்கள் பொதுப் பாதைக் குழுவின் செயலாளர் என்ற முறையில் எழுதப்படுவது. சொந்த விஷயம் எதுவும் இதில் இல்லை.

சரக்கு ரயில் ஓடி நின்றுபோன பழைய தடம் தங்களுக்கு நினைவிருக்கும். நடப்பவர், ஓடுபவர், சைக்கிளில் வருபவர், சக்கர நாற்காலியில் வருபவர், நாயைக் கூட்டிவருபவர், நாயால் இழுத்துவரப்படுபவர் எல்லோருக்குமான பாதையாக அதை நாங்களே மாற்றியிருக்கிறோம். அது என் வீட்டருகே தொடங்கித் தங்கள் தெருவின் பின்னால் முடிகிறது. மூன்று பஸ் மாறி வரவேண்டிய தூரம் இந்த வழியில் ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. இந்தத் தடத்தைத் தேர்ந்தெடுத்தது குழு. நான் கையை மட்டும் தூக்கினேன். இரண்டு கையையும் தூக்கியதாகச் சிலர் சொல்கிறார்கள்.

முப்பத்துநான்கு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்து ஊரிலுள்ள தராசையெல்லாம் சந்தேகப்பட்டவன் என்பதால் அளவு வேலை முழுவதையும் என்னிடம் விட்டார்கள், நானும் ரசமட்டம் வைத்து முள்முனை அளவுகூட ஏற்றத்தாழ்வு இல்லாமல் முதல் நூறு மீட்டருக்குத் தளம் போட வைத்தேன், அன்று மாலையே மழை பெய்து அந்த நூறு மீட்டரும் அப்படியே தண்ணீர்த் தொட்டியாக நின்றது, ரோலர் ஓட்டுபவர் வந்து பார்த்து, "சார், இவ்வளவு நேரா இருந்தா தண்ணி எந்தப் பக்கம் போகும்னு அதுக்கே தெரியாதே. ஒரு பக்கமா கொஞ்சம் சாயணும் சார்" என்றார், அது என்னைப் பற்றிச் சொன்னதோ என்று இரண்டு நாள் யோசித்தேன், பிறகு சாய்வு வைத்தோம், தண்ணீர் சாய்ந்து ஒரு வீட்டுக் கோழிக்கூண்டுக்குள் போனது, அதற்கு வாய்க்கால் வெட்டினோம், வாய்க்காலில் ஒரு சைக்கிள் போனது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வெட்கக்கேடு. கிலோமீட்டர் கல் நடுவதற்காக, உருண்ட தூரத்தை எண்ணிக் காட்டும் அளவுச் சக்கரத்தை உருட்டினேன். பாதை தொடங்கும் இடத்தில் அதன் எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும். நான் என் வீட்டு வாசலிலேயே பூஜ்யமாக்கிவிட்டு அப்படியே உருட்டிக்கொண்டு போய்விட்டேன். நான்கு கல்லும் அந்தக் கணக்கில் நடப்பட்டன. எங்கள் ரொட்டிக்கடைக்காரர் முதல் கல்வரை ஓடி, 'நான்கு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர்' என்று எழுதி பிஸ்கட் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் மாட்டினார், சந்தேகப்பட்ட பல் டாக்டர் அம்மா (எங்கள் தலைவர்) தனியாக அளந்து பார்த்து, கூட்டத்தில் என்னைக் கேட்டார்.

"ஐயா, உங்க முதல் கிலோமீட்டர்ல முன்னூத்திப் பத்து மீட்டரைக் காணோம்."

"அப்போ என் ரெக்கார்டு?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"அது ரெக்கார்டு இல்லைங்க, தள்ளுபடி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருந்தால் தப்பியிருப்பேன்; வாசலில் பூஜ்யமாக்கியதை ஒப்புக்கொண்டேன். ரொட்டிக்கடைக்காரர் கடுப்பில், "வீட்டு வாசல்லேர்ந்து அளந்தீங்களே, அப்படி எங்க போறதுக்குன்னு அளந்தீங்க?" என்று கேட்டுவிட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதையும் மெதுவாகக் குடித்தேன். அதற்குள் பேச்சு நாய்களுக்குப் போய்விட்டது.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன் அக்கா. சக்கரம் பாதையின் முடிவிலும் நிற்கவில்லை. உன் தெருவுக்குள் வந்து, உன் வீட்டுக் கேட்டில் முட்டித்தான் நின்றது. நான்காயிரத்து எண்ணூற்றிருபது மீட்டர். உள்ளே நீ குழாய் ரிப்பேர்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாய். "நேத்து வரேன்னு சொல்லிட்டு இன்னைக்கு வந்து பல்லைக் காட்டறியே, நேத்திக்கு நான் எதுல குளிக்கறது?" என்றாய். ஒருநாள் தாமதத்துக்கே இவ்வளவு என்றால் மூன்று வருடத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சக்கரத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் வழியெல்லாம் அந்தக் குழாய்க்காரர்மேல் பொறாமையாக இருந்தது.

அத்தானைக் கடைசியாகப் பார்க்க நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முதல் பஸ் கண்ணெதிரே வந்து நின்றது. இதுதானா, அடுத்ததா என்று பலகையை இரண்டு முறை படித்தேன், அது போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. நீ அன்று என்னைத் திட்டவில்லை. நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க" என்றாய். அறுபத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக எனக்கு மரியாதை கொடுத்தாய். அதற்குமேல் அந்த வீட்டுக்குள் வர எனக்குக் கால் வரவில்லை.

இது செயலாளர் எழுதும் கடிதம் என்பதை மறந்துவிட்டேன். மன்னிக்கவும். நான்கு கல்லையும் பெயர்த்து முந்நூற்றுப் பத்து மீட்டர் தள்ளி நடவேண்டும் என்பது குழுவின் தீர்மானம். அது தவிர மதகு அடைத்திருக்கிறது, கிளை வெட்ட வேண்டும், சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் நடுவே கோடு போட வேண்டும். ஆகவே தாங்கள் இப்போதைக்குப் பாதைப் பக்கம் வர வேண்டாம். இவையெல்லாம் ஒழுங்காக முடியாமல் நானும் வருவதற்கில்லை. அநேகமாக அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

தங்கள் ஆசி இருந்தால் அனுப்பவும், இல்லாவிட்டால் திட்டாவது அனுப்பவும் வேண்டும்,

கீழ்ப்படிந்த தம்பி.

பி.கு.: இதைத் தபாலில் போடவில்லை. தபால் பெட்டியைத் தாண்டி வந்துவிட்டேன். நான்காவது கல்லுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன். நாளைக் காலை கல்லைப் பெயர்க்க ஆள் வருகிறார்கள். பெயர்த்துவிட்டால் அது பாதையின் தூரம் ஆகிவிடும். இன்று மாலைவரை அது என் வாசலுக்கும் உன் வாசலுக்கும் நடுவே உள்ள தூரம். இன்னும் எண்ணூற்றிருபது மீட்டர்தான் பாக்கி, முழங்கால் தாங்கும் போலிருக்கிறது. கடிதத்தைக் கேட்டுக்குள் போட்டுவிட்டு வெளியே நிற்பேன். படித்து முடித்துவிட்டு வா. 'வாங்க' என்று மட்டும் சொல்லிவிடாதே அக்கா. 'ஏண்டா லேட்டு' என்று கேள்.