ஒரு மணி நேர மச்சான்

"கூட வந்தவங்க கையெழுத்து இல்லாம வீட்டுக்கு அனுப்ப முடியாதுங்க," என்றாள் நர்ஸ்.

லிஃப்ட் மெக்கானிக் திருதிருவென்று முழித்தான். கூட யாரும் வரவில்லை. விதைப்பையில் ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, குழந்தை இல்லாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதைப் பற்றி அவன் எவரிடமும் மூச்சு விடவில்லை. மனைவியிடம் வெளியூர் வேலை என்றும், வேலையிடத்தில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றும் அளந்துவிட்டு, தனியாக வந்து ஆபரேஷன் செய்துகொண்டான்.

ஐந்து வருஷமாகப் பழியெல்லாம் மனைவி தலையில்தான். அவளும் மாத்திரை மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் பலித்தால் மாத்திரை வேலை செய்தது என்று சொல்லிவிடலாம், பலிக்காவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்பது ஐயாவின் திட்டம்.

போனில் இருநூறு நம்பர் இருந்தது. அத்தனையும் லிஃப்ட் நின்றுபோனால் அவனைக் கூப்பிடுகிறவர்கள். அவன் கூப்பிட ஒருத்தர் இல்லை.

"மச்சான் வந்துட்டே இருக்கார்," என்று சொல்லிவிட்டான். மனைவியோ கூடப்பிறந்தவர்கள் இல்லாத ஒற்றைப் பெண். மச்சானுக்கு எங்கே போவது? காலை அகட்டி அகட்டி வாசலுக்கு நடந்து, ஒரு டாக்சி டிரைவரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கூட்டிவந்தான்.

டிரைவர் கையெழுத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷன் பாசத்தில் இறங்கிவிட்டார். சில வாரம் கனம் தூக்கக் கூடாது, மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை, எண்ணிக்கை கூடலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்று நர்ஸ் விளக்க, தங்கச்சியிடம் தானே பக்குவமாகச் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

"தங்கச்சி பேரு?" என்றாள் நர்ஸ், எழுதிக்கொண்டே.

டிரைவர் மெக்கானிக்கைப் பார்த்தார். "நாங்க வீட்ல பாப்பான்னுதான் கூப்பிடுவோம்."

நர்ஸ் பேனாவை மூடினாள். படிவத்தில் வீட்டு நம்பர் இருந்தது. மெக்கானிக் தடுப்பதற்குள் போனோடு வெளியே போய்விட்டாள்.

"நான் கிளம்பிடட்டுமா சார்?"

"கொஞ்சம் இருங்க," என்றான் மெக்கானிக். தனியாக உட்கார்ந்திருக்கப் பயமாக இருந்தது. மனைவி என்ன சொல்வாள், இனி அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு போவது என்று ஒன்றும் புரியவில்லை.

நர்ஸ் திரும்பி வந்தாள்.

"என்ன ஆபரேஷன்னு உங்க வீட்ல சொன்னேன். கூட இருக்கிறவர் உங்க அண்ணனான்னும் கேட்டேன்," என்றாள். "'அவர் எங்க அண்ணன்தான், நம்பி அனுப்புங்க, ரெண்டு பேரையும் நேரா வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லுங்க'ன்னாங்க."